கதவைத் தட்டினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்: சட்டப் பகுதி

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றியவை. பயங்கரவாதத்தைத் தடுக்கப் போலீசுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, அதற்கு முன்னால் நமக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

*விடியற்காலை நான்கு மணிக்கு லயத்துக்கு வந்து என் தம்பியைப் போலீஸ் பிடித்துப்போனது. "சொஸ்மா" என்றார்கள். மூன்று நாளாகியும் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகவில்லை. இது சரியா? வழக்கறிஞருக்கு எங்கே போவது?*
(வாசகி, சுங்கை சிப்புட்)

சொஸ்மா என்பது மலேசியாவின் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம், 2012. அதில் பிடித்தவரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகாமல் வைத்திருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் முதல் வாரத்தை நீதிமன்ற வாசலில் தொலைத்துவிடுகின்றன.

சாதாரண வழக்கென்றால் பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 5-வது விதி அப்படித்தான் சொல்கிறது. அதற்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் தடுப்புக் காவலுக்கு உத்தரவிட வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். சொஸ்மாவில் இந்த வழி இல்லை. 24 மணி நேரம் முடிந்ததும் சூப்ரிண்டெண்டன் பதவிக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி கையெழுத்துப் போட்டால் 28 நாள் வரை வைத்திருக்கலாம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள், பிடிபட்டவர்களைப் பெரும்பாலும் தடுப்புக் காவல் விசாரணை நடக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான் சந்திப்பார்கள். சொஸ்மாவில் அந்த விசாரணையே நடக்காததால் உங்கள் தம்பி அவர்கள் கண்ணில் படவே மாட்டார். குடும்பம்தான் தேடிப் போக வேண்டும். ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டியவை: பிடித்த தேதி, மணி, வந்தவர்களில் பேசியவரின் பெயரும் பதவியும், எந்தப் போலீஸ் நிலையம், ரிப்போர்ட் எண், விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும். இவற்றில் மணிதான் தலையாயது. 24 மணி, 48 மணி, 28 நாள் எல்லாமே அந்த நிமிடத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன. "காலையில வந்தாங்க" என்பது போதாது. "4.10-க்கு" என்று இருக்க வேண்டும்.

அடுத்து, "எந்தப் பிரிவு?" என்று கேளுங்கள். சொஸ்மா என்பது பிடிப்பதற்கும் விசாரிப்பதற்குமான நடைமுறைச் சட்டம். குற்றம் வேறு சட்டத்தில் இருக்கும். தண்டனைச் சட்டத்தின் 130ஜே, 130ஜேபி என்றால் பயங்கரவாதம். 130வி என்றால் திட்டமிட்ட குற்றக் கும்பல். இந்த வேறுபாடு ஜாமீனில் பெரிதாகக் கை கொடுக்கும் அல்லது காலை வாரும். சொஸ்மாவின் 13-வது பிரிவு பொதுவாக ஜாமீனை மறுக்கிறது. பெண்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு கேட்கலாம். குற்றச்சாட்டு பயங்கரவாத அத்தியாயத்தைச் சேர்ந்ததென்றால் அந்த விலக்கும் கிடையாது.

பிடித்ததும் நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று சொஸ்மாவின் 5-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. வழக்கறிஞரைப் பார்க்கவும் உரிமை உண்டு. ஆனால் உரிய பதவியிலுள்ள அதிகாரி காரணம் இருப்பதாக நம்பினால் அந்தச் சந்திப்பை 48 மணி நேரம் வரை தள்ளிவைக்கலாம். உங்கள் தம்பிக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. அந்தக் கெடு கடந்துவிட்டது. வழக்கறிஞர் இன்றே விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் கேட்டு, நகலில் பெறுகை முத்திரை வாங்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்கு நாளைக்கு எந்தச் சாட்சியும் இருக்காது. தம்பிக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் கிளினிக் அட்டையின் நகலையும் மருந்தின் பெயர், அளவையும் அதே கடிதத்தோடு இணையுங்கள்.

*சாலைத் தடுப்பில் என் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மறுத்திருக்கலாமா?*
(இளைஞர், கோலகங்சார் சாலை)

மல்லுக்கட்டி மறுப்பது புத்திசாலித்தனம் அல்ல. அரசு ஊழியரின் பணிக்குத் தடை செய்தார் என்ற தனிக் குற்றச்சாட்டு வந்து சேரும். அதற்காகக் கேட்காமலேயே நீட்டிவிட வேண்டும் என்பதும் இல்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவுப்படி, சட்டப்படி சோதனை நடத்தும் போலீஸ் அதிகாரிக்குக் கணினித் தரவைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உண்டு. கடவுச்சொல்லும் அதில் அடங்கும். ஆனால் அவர் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். கான்ஸ்டபிளும் கார்ப்பரலும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். பதவியை எப்படி அறிவது? போலீஸ் அதிகார அட்டையான காட் குவாசாவைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கலாம். நீல அட்டை என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழே. வெள்ளை சேமப்படையினருக்கு. சிவப்பு என்றால் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு உங்களைச் சோதிக்கும் அதிகாரமே இல்லை.

பிறகு இரண்டு கேள்வி: "என்னைக் கைது செய்கிறீர்களா? எந்த வழக்கு தொடர்பாகப் பார்க்கிறீர்கள்?" குரலை உயர்த்தாமல் கேளுங்கள். பதிலையும் பெயரையும் மணியையும் மனத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள். தவறு நடந்ததாகத் தோன்றினால் போலீசின் ஒழுங்கு, நடைமுறைக் கண்காணிப்புப் பிரிவான ஜிப்ஸுக்கோ, 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்துக்கோ புகார் செய்யலாம். தேதி, மணி, இடம், பதவி இல்லாத புகார் நகராது.

கருவியைப் பறிமுதல் செய்தால் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை, அதாவது செனராய் பொங்காரைக் கேளுங்கள். அதில் "ஒரு கறுப்பு ஹேண்ட்போன்" என்று மட்டும் இருந்தால் போதாது. 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்க வேண்டும். இப்போதே உங்கள் கைத்தொலைபேசியில் *#06# அழுத்துங்கள். வருகிற எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கருவி கைவிட்டுப் போன பிறகு அந்த எண்ணைத் தேடி அலைய முடியாது.

வாக்குமூலம் எடுத்தால் கையெழுத்துக்கு முன் முழுவதும் படியுங்கள். மலாய் சரளமாக வராது என்றால் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருத்திய இடங்களில் சிறு கையொப்பம் போடுங்கள். கடைசி வரிக்கும் உங்கள் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். சாட்சியாக அழைத்து 112-வது பிரிவில் விசாரிக்கும்போது, பதில் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம்.

*புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ பிரபாகரன் படத்தைப் போட்டார்கள். என் கேலரியில் அது தானாகவே சேர்ந்துவிட்டது. இதற்குப் பிடிப்பார்களா?*
(வாசகர், தோட்டத்து இளைஞர் மன்றம்)

2019 அக்டோபரில் 12 பேரை இப்படித்தான் பிடித்தார்கள். இரண்டு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் அவர்களில் அடக்கம். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 34 குற்றச்சாட்டுகள் சாட்டப்பட்டன. கைத்தொலைபேசியிலும் முகநூலிலும் இருந்த படங்களும் அவற்றுக்கு ஆதாரமாயின. அந்த ஆண்டு நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், ஜாமீனை மறுக்கும் சொஸ்மாவின் 13-வது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. வேறு நீதிபதிகள் அதைப் பின்பற்றவில்லை. 2020 பிப்ரவரி 21-ல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதற்குள் நான்கு மாதச் சிறை முடிந்திருந்தது. தீபாவளியும் பொங்கலும் உள்ளேயே கழிந்தன.

ஆகவே ஒரு படத்துக்காக நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பாவது கடினம். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் எத்தனை மாதம் உள்ளே இருக்க நேரும் என்பதுதான் கவலை. விடுதலைப் புலிகள் 2014-ல் உள்துறை அமைச்சின் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கு கைவிடப்பட்டதால் பட்டியல் மாறிவிடவில்லை. பயங்கரவாதக் குழுவோடு தொடர்புடைய பொருளை வைத்திருப்பது 130ஜேபி பிரிவில் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கொடி, பதாகை, சின்னம், காணொளி எல்லாம் "பொருள்" என்பதற்குள் வரும். போரில் மாண்ட மக்களுக்கு விளக்கேற்றி அழுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அஞ்சலி மேடையில் அமைப்பின் கொடியும் சின்னமும் ஏறும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

புலனத்தில் செய்ய வேண்டியது எளிது. அதன் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) "சேமிப்பகமும் தரவும்" என்ற இடத்தில் தானியங்கிப் பதிவிறக்கம் மூன்று வகையாக இருக்கும்: மொபைல் தரவு, வைஃபை, ரோமிங். மூன்றிலும் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். வைஃபையை மட்டும் மறந்துவிடுவதே வழக்கமான தவறு. ஆண்ட்ராய்டில் "சாட்கள்" பகுதியில் ஊடகம் கேலரியில் தெரிவதையும் அணைக்கலாம். தனியுரிமைப் பகுதியில் "குழுக்கள்" என்பதைத் திறந்து, உங்களைச் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் கொடுங்கள். உரையாடலில் அழித்தாலும் கேலரியில் பிரதி தங்கியிருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: இந்தத் துப்புரவெல்லாம் இன்றைக்கு. போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு எதையும் அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்தது தனிக் குற்றமாகும். அதுவரை இல்லாத சந்தேகமும் அதனாலேயே பிறக்கும்.

*நான் தப்பு எதுவும் செய்யவில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. குண்டு வைக்கிறவனைப் பிடிக்க நாலு பேர் சிரமப்பட்டால் என்ன? உங்கள் பகுதி எப்போதும் போலீசுக்கு எதிராகவே எழுதுகிறதே.*
(ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்)

ஐயா, உங்கள் கேள்வியின் முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. 2000 ஜூலையில் அல்-மாவுனா கும்பல் கிரீக் வட்டார இராணுவ முகாம்களிலிருந்து ஆயுதங்களைக் கொள்ளையிட்டு, நமக்குப் பக்கத்திலுள்ள சாவோக் காட்டில் பதுங்கியது. பிணை பிடித்தவர்களில் இருவரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் நம் தமிழ்ப் போலீஸ்காரர் ஆர். சகாதேவன். 2016 ஜூனில் பூச்சோங் கேளிக்கை விடுதியில் கையெறிகுண்டு வெடித்து 8 பேர் காயமடைந்தார்கள். 2024 மே மாதம் உலு திராம் போலீஸ் நிலையத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆபத்து கற்பனை இல்லை. வேவு பார்க்கவும் விரைந்து பிடிக்கவும் போலீசுக்கு அதிகாரம் வேண்டும்.

அந்த அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் ஊர் வரலாற்றையே பாருங்கள். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாளக் கார்டு அந்த ஆண்டுதான் வந்தது. நாம் இன்று சட்டைப்பையில் வைத்திருக்கும் ஐசி அப்போது கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறியும் கருவியாகப் பிறந்தது. ஐசி கிடைக்காமல் மூன்று தலைமுறையாக அலையும் நம் குடும்பங்களைக் கேளுங்கள், அந்தக் கார்டு இப்போது எதற்கெல்லாம் திறவுகோல் என்று சொல்வார்கள். அவசரகாலம் 1960 ஜூலை 31-ல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா நடைமுறைக்கு வந்தது. அதுவும் கம்யூனிஸ்டுகளுக்காகத்தான். கம்யூனிஸ்டுக் கட்சி 1989 டிசம்பரில் ஹட்யாயில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இசா மட்டும் 2012 வரை நீடித்தது. இடையில் 1987-ல் ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளும் சமூக ஆர்வலர்களும் உள்ளே போனார்கள். 2007 டிசம்பரில் இந்து உரிமைப் போராட்ட அமைப்பான இண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பியதும் அதே சட்டம்தான். அவர்களில் யார் கையிலும் குண்டு இல்லை.

அதனால்தான் ஒரு பாதுகாப்புச் சட்டம் வரும்போது, கையெழுத்துப் போடுகிறவர் யார், அவரைச் சரிபார்க்கும் வெளியாள் யார், எப்போது காலாவதியாகும், தவறாகப் பிடித்தால் எப்படி வெளியே வருவது என்று கேட்கிறோம். சொஸ்மா இசாவைவிட மேல். காலவரையின்றி வைத்திருக்க முடியாது. நீதிமன்ற வழக்கு நடந்தாக வேண்டும். அரசியல் நம்பிக்கைக்காக மட்டும் பிடிக்கக்கூடாது என்ற வரியும் அதில் இருக்கிறது. ஆனால் 28 நாளுக்குக் கையெழுத்திடுவதும் போலீசே, விசாரிப்பதும் போலீசே. இடையில் ஒரு நீதிபதி வந்து, "ஏன் இவரை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் உண்மையான பயங்கரவாதி தப்பிவிடமாட்டான். ஆள் மாறிப் பிடிபட்டவன் வீட்டுக்குப் போவான். 2015-ல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான போத்தா இன்னும் கடுமை. முதலில் 21 நாள், பிறகு 38 நாள், அதன் பின் ஒரு வாரியம் 2 ஆண்டு தடுப்புக் காவலுக்கு உத்தரவிடலாம், நீட்டிக்கவும் செய்யலாம். விசாரணை வழக்கே தேவையில்லை.

சொஸ்மாவின் அந்த 28 நாள் விதிக்கு மட்டும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். 2022 மார்ச்சில் மக்களவையில் 84-க்கு 86 என்று அது தோற்றது. ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அடுத்த தவணை 2027 ஜூலை. ஜாமீனை மறுக்கும் 13-வது பிரிவுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்க வேண்டியது இந்த இரண்டையும் சேர்த்து.

*தோட்ட நிர்வாகம் திருட்டைத் தடுக்க என்று லயத்தைப் பார்த்து கேமரா வைத்திருக்கிறது. குளியலறை வாசலே தெரிகிறது. கோயில் கமிட்டியும் கேமரா வாங்கப்போகிறது. விதி என்ன?*
(வாசகி, செம்பனைத் தோட்டம்)

நிறுவனங்களைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2010 கட்டுப்படுத்தும். எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும். தேவைக்கு மேல் நாள் வைத்திருக்கக்கூடாது. உங்களைப் பற்றிய தரவை எழுதிக் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்பது அதன் பெரிய ஓட்டை.

நிர்வாகிக்கு ஒரு கடிதம் போதும்: கேமராவைத் திருப்புங்கள், அல்லது குளியலறைப் பகுதியை மறையுங்கள். இது செலவில்லாத வேலை. பெரும்பாலான பதிவுப் பெட்டிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டமாக மூடும் வசதி உண்டு. இரண்டு நிமிடத்தில் முடியும்.

கோயில் கமிட்டிக்கு ஒரு கணக்கு. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 86 கிகாபைட் பதிவாகும். 1 டெராபைட் வட்டு 11 நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுதும். உண்டியல் திருட்டைக் கண்டுபிடிக்க அது போதும், பெரிய வட்டு வாங்காதீர்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லைப் பொருத்திய அன்றே மாற்றுங்கள். பொருத்த வந்தவருக்கும் அது தெரியக்கூடாது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பாதீர்கள். அந்த ஸ்டிக்கரும் பழைய கடவுச்சொல்லும் கிடைத்தால் எங்கிருந்தும் உங்கள் கோயிலைப் பார்க்கலாம்.

*தோட்டக் காவல்சாவடியில் ஜாகா ஐசியை வாங்கி வைத்துக்கொள்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?*
(வாசகர், ஈப்போ)

வேண்டாம். 1990 தேசியப் பதிவு விதிகளின்படி தனியார் காவலாளி ஐசியை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. பெயரையும் வண்டி எண்ணையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். எங்கேயாவது நகல் கேட்டால், இரண்டு சாய்கோடு இழுத்து நடுவில் "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்றும் தேதியும் எழுதிக் கொடுங்கள். எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் லேசாகப் படவேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

*போலீஸ் வந்து திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலைக் கேட்டது. செயலாளர் முழுப் புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். இனி என்ன செய்வது?*
(ஆலயக் கமிட்டி உறுப்பினர்)

பயங்கரவாதத்துக்கு நிதி போகிறதா என்று விசாரிப்பது போலீசின் கடமை, அதற்கு ஒத்துழைக்க வேண்டியது உங்கள் கடமை. ஆனால் ஆவணம் கேட்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51-வது பிரிவில் எழுத்து மூலமான உத்தரவு என்று ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை அதைக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கணக்கு என்று அதில் இருக்கும். அதை மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கமிட்டி வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுச் சான்றளித்த நகலைத் தர முடியுமா என்று விசாரணை அதிகாரியிடம் பேசிப் பாருங்கள். மூலமே வேண்டும் என்றால் பக்கம் பக்கமாகப் படமெடுத்த பிறகு கொடுங்கள்.

இப்போதைக்கு, கொடுத்த புத்தகத்தின் பக்க எண்ணிக்கை, கொடுத்த தேதி, வாங்கிய அதிகாரியின் பெயர், பதவி ஆகியவற்றை எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டு நிலையத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அதன் நகலைக் கூட்டக் குறிப்பில் ஒட்டிவையுங்கள். ஆண்டுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பும் நேரத்தில் புத்தகம் எங்கே என்று கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.